ஆங்கிலச் செய்தி வாக்கியம்: ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எப்படிப் புரியவைப்பது?

காரைக்குடி டியூஷன் எழுதியது:

வணக்கம். தரையில் பதிக்கும் ஆத்தங்குடி ஓடு எப்படிச் செய்கிறார்கள் என்பதை ஆங்கிலத்தில் பத்து வாக்கியமாக எழுதி வரும்படி ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறேன். பத்தும் டிக்ளரேட்டிவ் வாக்கியமாக, அதாவது செய்தி வாக்கியமாக, இருக்க வேண்டும். பள்ளியில் இதையே 'அசர்ட்டிவ்' என்றும் 'ஸ்டேட்மென்ட்' என்றும் சொல்லித் தருகிறார்கள். விதியைக் கேட்டால் எல்லோரும் ஒப்பிக்கிறார்கள்: ஒரு செய்தியைச் சொல்லும், முற்றுப்புள்ளியில் முடியும். ஆனால் நோட்டில் வந்தவை இப்படி:

"ஆத்தங்குடி டைல் வெரி பியூட்டிஃபுல்."
"தி வொர்க்கர் டஸ் நாட் யூசஸ் எ ஃபர்னஸ்."
"இன் அவர் ஹவுஸ் ஹேவிங் மெனி பில்லர்ஸ்."
"ஐ டோன்ட் நோ ஹவ் டஸ் தி டைல் கெட் இட்ஸ் ஷைன்?"
"தி டைல் இஸ் ஸ்டில் சாஃப்ட், தே லீவ் இட் ஆன் தி கிளாஸ்."
"ஃபர்ஸ்ட் கிளீன் தி கிளாஸ்."

ஒவ்வொன்றையும் சிவப்பு மையில் திருத்திக் கொடுத்தால் அடுத்த வாரம் அதே பிழை திரும்ப வருகிறது. எழுதிய வாக்கியம் சரியா என்று பிள்ளைகள் தாங்களே பார்த்துக்கொள்ள ஏதாவது சோதனை உண்டா? கடைசி வாக்கியத்தில் எனக்கே ஒரு கேள்வி இருக்கிறது. பிழை ஒன்றும் இல்லை, ஆனால் அது செய்தி வாக்கியமா? "யூ ஆர் கமிங்?" என்று கேட்பதை எந்த வகையில் சேர்ப்பது என்றும் ஒரு பையன் கேட்கிறான்.

தேவகோட்டை இலக்கணம் எழுதியது:

டீச்சர், 'செய்தியைச் சொல்லும்' என்ற வரையறை பொருளைப் பற்றியது. பிள்ளைகளுக்கு வேண்டியது அமைப்பைப் பற்றிய சோதனை. ஆங்கிலச் செய்தி வாக்கியத்துக்கு இரண்டு உறுப்புகள் கட்டாயம் வேண்டும்: வெளிப்படையாக எழுதிய எழுவாய் ஒன்று, காலம் காட்டும் வினை ஒன்று. பொதுவாக எழுவாய் முன்னால் நிற்கும், வினை அதன் பின்னால் வரும். தமிழில் இந்த இரண்டையுமே நாம் விட்டுவிட்டுப் பேசலாம். 'வந்தேன்' என்றால் 'ஏன்' விகுதியே நான் என்று சொல்லிவிடுகிறது. 'இது ஆத்தங்குடி ஓடு' என்றால் வினையே இல்லை, ஆனாலும் அது முழு வாக்கியம். இதே பழக்கத்தோடு ஆங்கிலம் எழுதும்போதுதான் உங்கள் பட்டியலின் முதல் வாக்கியமும் மூன்றாம் வாக்கியமும் பிறக்கின்றன.

சோதனை இதுதான்: எழுதிய வாக்கியத்தை 'ஆமாம், இல்லை' என்று பதில் வரும் கேள்வியாகத் திருப்பச் சொல்லுங்கள். துணைவினை இருந்தால் அது எழுவாய்க்கு முன்னால் போக வேண்டும், 'இஸ்', 'ஆர்', 'வாஸ்' தனி வினையாக வந்தாலும் அப்படியே. இல்லாவிட்டால் 'டூ', 'டஸ்', 'டிட்' மூன்றில் ஒன்று வர வேண்டும். திரும்பாத வாக்கியத்தில் எலும்பு ஏதோ குறைகிறது.

முதல் வாக்கியத்தை எடுங்கள். "ஆத்தங்குடி டைல் வெரி பியூட்டிஃபுல்." இதில் முன்னால் கொண்டுபோக என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. 'டஸ்' போட்டுப் பார்த்தால் பின்னால் வினை இல்லை. அங்கேயே பிள்ளைக்குத் தெரிந்துவிடும். "ஆத்தங்குடி டைல்ஸ் ஆர் வெரி பியூட்டிஃபுல்" என்றால் "ஆர் ஆத்தங்குடி டைல்ஸ் வெரி பியூட்டிஃபுல்?" என்று திரும்புகிறது. பொதுவாக எல்லா ஓட்டையும் பற்றிச் சொல்வதால் 'டைல்ஸ்' என்ற பன்மை நல்லது. ஒரே ஓட்டைக் காட்டிச் சொன்னால் "திஸ் டைல் இஸ்".

இரண்டாவதுதான் எல்லா வகுப்பிலும் வருகிற பிழை. இதற்குப் பலகையில் ஒரே வாக்கியத்தை மூன்று விதமாக ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிக் காட்டுங்கள்.

"தி வொர்க்கர் கிளீன்ஸ் தி கிளாஸ்."
"தி வொர்க்கர் டஸ் நாட் கிளீன் தி கிளாஸ்."
"டஸ் தி வொர்க்கர் கிளீன் தி கிளாஸ்?"

முதல் வரியில் 'கிளீன்' கடைசியில் இருக்கும் 'ஸ்' எங்கே போனது என்று கேளுங்கள். அது 'டஸ்'ஸுக்குள் போய்விட்டது. ஒரு வினைத்தொடரில் காலமும் ஒருமையும் ஒரே இடத்தில்தான் குறிக்கப்படும். 'டஸ்' எடுத்துக்கொண்டால் முதன்மை வினை வெறும் அடிச்சொல்லாக நிற்க வேண்டும். அதனால் "டஸ் நாட் யூசஸ்" தவறு, "டஸ் நாட் யூஸ்" சரி. இறந்தகாலத்திலும் இதே கணக்குதான்: "டிட் நாட் வென்ட்" தவறு, "டிட் நாட் கோ" சரி. சிவப்பு மையில் 'யூஸ்' என்று மட்டும் திருத்தினால் பிழை திரும்ப வரும். அந்த 'ஸ்' இடம் மாறியதைப் பிள்ளை தன் கையால் அம்புக்குறி போட்டுக் காட்டினால் பெரும்பாலும் வராது.

மூன்றாவதில் இரண்டு சிக்கல் சேர்ந்திருக்கிறது. 'எங்கள் வீட்டில்' என்பதை 'இன் அவர் ஹவுஸ்' என்று எழுதியதும் எழுவாய் வந்துவிட்டதாகப் பிள்ளை நினைத்துக்கொள்கிறது. 'இன்' போட்ட தொடர் இடத்தைச் சொல்கிறதே தவிர, 'ஹேவ்' என்ற வினைக்கு அது எழுவாய் ஆகாது. அடுத்தது, 'ஹேவிங்' மட்டும் தனியாக நின்றால் காலம் காட்டாது. அது நம் எச்சத்தைப் போன்றது, முற்று ஆகாது. சரியான வடிவம் இரண்டு உண்டு: "அவர் ஹவுஸ் ஹேஸ் மெனி பில்லர்ஸ்." அல்லது "தேர் ஆர் மெனி பில்லர்ஸ் இன் அவர் ஹவுஸ்." 'இஸ் ஹேவிங்' என்று ஒட்டுப் போட்டுச் சரிசெய்ய விடாதீர்கள். உடைமையைச் சொல்லும் 'ஹேவ்', அறிவைச் சொல்லும் 'நோ', விருப்பத்தைச் சொல்லும் 'லைக்' இவை பொதுவாக 'இங்' ஏற்பதில்லை. 'தெரிகிறது', 'இருக்கிறது' என்ற நம் நிகழ்காலத்தைச் சொல்லுக்குச் சொல் மாற்றும்போதுதான் "ஐ ஆம் நோயிங்" வருகிறது.

'எனக்கு' என்று தொடங்கும் தமிழ் வாக்கியங்களைத் தனியாக ஒரு நாள் எடுத்துக்கொள்ளுங்கள். எனக்குப் பசிக்கிறது, எனக்குத் தெரியும், எனக்குக் கந்தரப்பம் பிடிக்கும், எனக்கு இரண்டு தம்பிகள். நான்கிலும் தமிழில் நான்காம் வேற்றுமை. ஆங்கிலத்தில் நான்கிலும் 'ஐ' எழுவாயாகிவிடும்: "ஐ ஆம் ஹங்க்ரி", "ஐ நோ", "ஐ லைக் கந்தரப்பம்", "ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்".

குன்றக்குடி மயில் எழுதியது:

நான்காவது வாக்கியத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் பெரியவர்களும் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள்.

"ஐ டோன்ட் நோ" என்பது முதன்மைத் தொடர். அது செய்தி. அதற்குள் ஒரு கேள்வி பொதிந்திருந்தாலும் முழு வாக்கியம் செய்தியாகவே இருக்கும். அதனால் இரண்டு மாற்றம் தேவை. உள்ளே இருக்கும் கேள்வி செய்தி வரிசைக்குத் திரும்ப வேண்டும், அதாவது 'டஸ்' வெளியேறி 'ஸ்' வினைக்குத் திரும்பி வரும். கடைசியில் கேள்விக்குறி போய் முற்றுப்புள்ளி வரும்.

"ஐ டோன்ட் நோ ஹவ் தி டைல் கெட்ஸ் இட்ஸ் ஷைன்."

அதேபோல "ஐ டோன்ட் நோ வேர் இஸ் தி பஸ் ஸ்டாண்ட்" தவறு, "ஐ டோன்ட் நோ வேர் தி பஸ் ஸ்டாண்ட் இஸ்" சரி. 'இஸ்' கடைசியில் தனியாக நிற்பதைப் பார்த்துப் பிள்ளைகள் தயங்குவார்கள். அது சரியான இடம்தான் என்று ஒருமுறை உறுதியாகச் சொல்லிவிடுங்கள்.

இங்கே இரண்டு எச்சரிக்கை. "டூ யூ நோ வேர் தி பஸ் ஸ்டாண்ட் இஸ்?" என்றால் கேள்விக்குறி வேண்டும், ஏனென்றால் முதன்மைத் தொடரே கேள்வி. ஆனால் உள்வரிசை அப்போதும் மாறாது. இன்னொன்று, 'ஹூ' தானே எழுவாயாக இருந்தால் மாற்றுவதற்கு எதுவுமில்லை. "ஹூ மேட் திஸ் டைல்?" என்பது "ஐ நோ ஹூ மேட் திஸ் டைல்" என்று அப்படியே உள்ளே போகும். விதியை அரைகுறையாகப் பிடித்த பிள்ளை "ஐ நோ ஹூ திஸ் டைல் மேட்" என்று எழுதும். அதையும் எதிர்பாருங்கள்.

இது கைவந்துவிட்டால் பத்தாம் வகுப்பில் வரும் 'ரிப்போர்ட்டட் ஸ்பீச்' பாதி முடிந்த மாதிரி. "ஹி ஆஸ்க்ட் மீ வேர் ஐ லிவ்ட்" என்பதும் இதே அமைப்புதான், கூடுதலாகக் காலம் ஒரு படி பின்னால் போகிறது.

பிள்ளைகள் அந்த வாக்கியத்தோடு நின்றுவிடாமல் பதிலையும் செய்தி வாக்கியமாக எழுதட்டும். ஓட்டின் பளபளப்பு கண்ணாடியிலிருந்து வருகிறது. வண்ணச் சிமெண்டை வழவழப்பான கண்ணாடித் தகட்டின் மேல் ஊற்றுவதால் அந்த வழவழப்பு ஓட்டின் முகத்தில் அப்படியே பதிகிறது. "தி ஸ்மூத் கிளாஸ் கிவ்ஸ் தி டைல் இட்ஸ் ஷைன்." எழுவாய், வினை, யாருக்கு, என்ன என்ற நான்கும் வரிசையாக நிற்கும் நல்ல வாக்கியம் இது.

கண்டனூர் பழைய வாத்தியார் எழுதியது:

இருவரும் சொன்னதோடு எனக்கு உடன்பாடே. கடைசி இரண்டு வாக்கியத்தை நான் எடுத்துக்கொள்கிறேன், அம்மா.

"தி டைல் இஸ் ஸ்டில் சாஃப்ட், தே லீவ் இட் ஆன் தி கிளாஸ்." இதில் இரண்டு முழுச் செய்தி வாக்கியங்கள் இருக்கின்றன. நடுவில் வெறும் காற்புள்ளி. தமிழில் காற்புள்ளி போட்டு வாக்கியங்களை அடுக்கினால் யாரும் குறை சொல்வதில்லை. ஆங்கிலத்தில் தேர்வுத்தாள் திருத்துகிறவர் இதைப் பிழை என்றே கணக்கிடுவார். சரிசெய்ய வழிகள் பல. முற்றுப்புள்ளி வைத்து இரண்டாக வெட்டலாம், அரைப்புள்ளி வைக்கலாம், காற்புள்ளிக்குப் பின் 'ஸோ' சேர்க்கலாம், அல்லது முதல் பாதியை 'பிகாஸ்' போட்டுச் சார்பு வாக்கியமாக்கலாம். இந்த இடத்தில் எனக்குப் பிடித்தது கடைசி வழி, ஏனென்றால் காரணம் வெளிப்படையாகத் தெரிகிறது: "பிகாஸ் தி டைல் இஸ் ஸ்டில் சாஃப்ட், தே லீவ் இட் ஆன் தி கிளாஸ்." 'ஹௌவெவர்', 'தேர்ஃபோர்' இரண்டும் இணைப்புச் சொல்லைப் போலத் தோன்றும், ஆனால் காற்புள்ளியோடு சேர்ந்து இரண்டு வாக்கியங்களைக் கட்டும் வலு அவற்றுக்கு இல்லை. முன்னால் முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ வேண்டும்.

'பிகாஸ்' சொல்லிக் கொடுத்த மறுநாளே எதிர்ப்பக்கத்துப் பிழை வரும். "பிகாஸ் தே டூ நாட் ஃபயர் தி டைல்." என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்துவிடுவார்கள். எழுவாயும் வினையும் இருந்தாலும் 'பிகாஸ்' அதைச் சார்புத் தொடராக்கிவிட்டது. தனியாக நிற்காது, பக்கத்து வாக்கியத்தோடு சேர்க்க வேண்டும். 'ஆல்தோ' போட்டால் அடுத்த பாதியில் 'பட்' வரக்கூடாது. 'சூளையில் வைக்காவிட்டாலும், ஆனால்' என்று தமிழிலும் நாம் சொல்வதில்லையே. "ஆல்தோ தே டூ நாட் ஃபயர் தி டைல், இட் இஸ் ஸ்ட்ராங்."

இப்போது "ஃபர்ஸ்ட் கிளீன் தி கிளாஸ்." இது பிழையற்ற ஆங்கிலம். ஆனால் கட்டளை வாக்கியம், செய்தி வாக்கியம் அல்ல. எழுவாய் எழுதப்படவில்லை, வினை அடிச்சொல்லாக நிற்கிறது. செய்முறை எழுதச் சொன்னால் பிள்ளைகள் சமையல் குறிப்பு நடைக்குப் போய்விடுவார்கள். செய்தியாக்க இரண்டு வழி. செய்கிறவரை எழுவாயாக்கலாம்: "ஃபர்ஸ்ட், தி வொர்க்கர் கிளீன்ஸ் தி கிளாஸ்." செய்யப்படும் பொருளை எழுவாயாக்கலாம்: "ஃபர்ஸ்ட், தி கிளாஸ் இஸ் கிளீன்ட்." ஓடு செய்யும் கதைக்கு இரண்டாவதுதான் பொருத்தம். யார் செய்தார் என்பது முக்கியமில்லை, அடுத்தடுத்து என்ன நடக்கிறது என்பதே முக்கியம். கண்ணாடி துடைக்கப்படுகிறது, சட்டம் வைக்கப்படுகிறது, அச்சு வைக்கப்படுகிறது, அச்சின் அறைகளில் வண்ணச் சிமெண்ட் ஊற்றப்படுகிறது, அச்சு எடுக்கப்படுகிறது, மேலே மணலும் சிமெண்டும் சேர்ந்த கலவை போடப்படுகிறது. ஆறும் ஆறு வாக்கியம். ஒவ்வொன்றிலும் 'இஸ்' உண்டா, வினையின் மூன்றாம் வடிவம் உண்டா என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். "தி கிளாஸ் இஸ் கிளீனிங்" என்று வந்தால் கண்ணாடியே எதையோ துடைக்கிறது என்று பொருளாகிவிடும்.

எழுவாய் நீளும்போது ஒருமை பன்மையில் கவனம் தேவை. "தி கலர்ஸ் ஆஃப் தி டைல் ஆர் பிரைட்." வினைக்கு மிக அருகில் இருப்பது 'டைல்', ஆனால் எழுவாயின் தலை 'கலர்ஸ்'. 'ஆஃப்' தொடங்கும் தொடரை விரலால் மறைத்துவிட்டுப் படித்தால் குழப்பம் தீரும்.

காரைக்குடி டியூஷன் எழுதியது:

அந்த 'ஸ்' இடம் மாறுகிற அம்புக்குறியை நாளைக்கே பலகையில் போட்டுவிடுகிறேன். மூவருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம் பாக்கி. "தேர் ஆர் மெனி பில்லர்ஸ்" என்பதில் எழுவாய் எது? 'தேர்' என்றால் 'அங்கே' என்று பிள்ளைகள் எழுதி வைத்திருக்கிறார்கள். இன்னொன்று, தேர்வில் உணர்ச்சி வாக்கியத்தையும் வினா வாக்கியத்தையும் 'அசர்ட்டிவ்' ஆக மாற்றச் சொல்கிறார்கள். அதில் மதிப்பெண் எங்கே போகிறது?

தேவகோட்டை இலக்கணம் எழுதியது:

இந்த 'தேர்' 'அங்கே' அல்ல. எழுவாய் நிற்க வேண்டிய இடத்தைக் காலியாக விட ஆங்கிலம் சம்மதிக்காது. அதனால் பொருளில்லாத ஒரு சொல் அங்கே உட்காருகிறது. கேள்வியாகத் திருப்பிப் பாருங்கள்: "ஆர் தேர் மெனி பில்லர்ஸ்?" எழுவாய் நகரும் இடத்தில் 'தேர்'தான் நிற்கிறது. ஆனால் 'இஸ்' வருமா 'ஆர்' வருமா என்பதைப் பின்னால் வரும் பெயர்ச்சொல் முடிவு செய்யும். 'அங்கே' என்று எழுதி வைத்திருப்பதை அடித்துவிடச் சொல்லுங்கள். "தேர் ஆர் பில்லர்ஸ் தேர்" என்று இரண்டும் ஒரே வாக்கியத்தில் வரும்போது கடைசியில் வருவதுதான் 'அங்கே'.

எப்போது பயன்படுத்துவது என்பதும் முக்கியம். கேட்பவருக்குப் புதிய செய்தி என்றால் "தேர் இஸ் எ ராக்-கட் டெம்பிள் அட் பிள்ளையார்பட்டி." கோயிலைப் பற்றி ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்தால் "தி டெம்பிள் இஸ் அட் பிள்ளையார்பட்டி." முதலாவதில் 'எ', இரண்டாவதில் 'தி'. "தேர் இஸ் தி டெம்பிள் அட் பிள்ளையார்பட்டி" என்று எழுதுவதுதான் தவறு.

'இட்' செய்வதும் இதே வேலை. மழை பெய்கிறது, "இட் இஸ் ரெயினிங்." நேரமாகிவிட்டது, "இட் இஸ் லேட்." மே மாதம் இங்கே வெயில், "இட் இஸ் ஹாட் ஹியர் இன் மே." எது என்று கேட்டால் பதில் இல்லை, இருந்தாலும் எழுதியே ஆக வேண்டும்.

குன்றக்குடி மயில் எழுதியது:

தேர்வுக் கேள்விக்கு வருகிறேன்.

உணர்ச்சி வாக்கியத்தில் பெரும்பாலும் எழுவாயும் வினையும் கடைசியில் ஒளிந்திருக்கும். அவற்றை முன்னால் கொண்டுவந்து, 'வாட்', 'ஹவ்' இருந்த இடத்தில் 'வெரி' போட வேண்டும். "ஹவ் பிரைட் தி கலர்ஸ் ஆர்!" என்பது "தி கலர்ஸ் ஆர் வெரி பிரைட்." ஆகிறது. "வாட் எ பியூட்டிஃபுல் ஹவுஸ் இட் இஸ்!" என்பது "இட் இஸ் எ வெரி பியூட்டிஃபுல் ஹவுஸ்." மதிப்பெண் போவது அந்த 'எ'யில்தான். 'வெரி' வந்ததும் 'எ' விட்டுப்போகிறது, அல்லது "வெரி எ பியூட்டிஃபுல்" என்று இடம் மாறுகிறது. கேள்வியிலேயே "வாட் எ பியூட்டிஃபுல் ஹவுஸ்!" என்று மட்டும் இருந்தால் எழுவாயும் வினையும் நாமே சேர்க்க வேண்டும்.

வினாவை மாற்றச் சொல்லும்போது பதில் எதிர்பார்க்காத கேள்வியைத்தான் கொடுப்பார்கள். அங்கே உடன்பாடு எதிர்மறையாகும், எதிர்மறை உடன்பாடாகும். "ஹூ டஸ் நாட் நோ செட்டிநாடு சிக்கன்?" என்றால் "எவ்ரிஒன் நோஸ் செட்டிநாடு சிக்கன்." 'டஸ்' போனதால் 'நோ'வுக்கு 'ஸ்' திரும்ப வந்ததைக் கவனியுங்கள். "ஹூ கேன் கவுன்ட் தி ஸ்டார்ஸ்?" என்றால் "நோ ஒன் கேன் கவுன்ட் தி ஸ்டார்ஸ்." 'நோ ஒன்' போட்ட பிறகு 'நாட்' சேர்க்கக்கூடாது. 'யாரும் எண்ண முடியாது' என்று தமிழில் வினைதான் எதிர்மறை ஏற்கிறது, அந்தப் பழக்கத்தில் "நோ ஒன் கேன்னாட்" என்று எழுதிவிடுகிறார்கள்.

உங்கள் மாணவர் கேட்ட "யூ ஆர் கமிங்?" அமைப்பில் செய்தி, பயனில் கேள்வி. எழுவாய் முன்னால், வினை பின்னால், வரிசை மாறவே இல்லை. குரல் ஏறி முடிவதால் கேள்வியாகிறது, எழுத்தில் அந்த ஏற்றத்துக்குப் பதிலாகக் கேள்விக்குறி. சாதாரணச் செய்தி வாக்கியத்தில் குரல் இறங்கி முடியும். பேச்சில், ஏற்கெனவே ஊகித்ததை உறுதிசெய்துகொள்ள இது ஏற்றது. தேர்வில் கேள்வி அமைக்கச் சொன்னால் "ஆர் யூ கமிங்?" என்றே எழுத வேண்டும்.

கண்டனூர் பழைய வாத்தியார் எழுதியது:

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். 'எழுவாய் முன்னால், வினை பின்னால்' என்று சொன்னதும் கூர்மையான பிள்ளை "நெவர் ஹேவ் ஐ சீன் சச் எ டோர்." என்ற வாக்கியத்தைக் கொண்டுவந்து நிறுத்தும். இதில் 'ஹேவ்' முன்னால் வந்துவிட்டது, ஆனாலும் இது செய்தி வாக்கியம்தான், முற்றுப்புள்ளிதான். 'நெவர்', 'செல்டம்', 'ஹார்ட்லி' போன்ற எதிர்மறைச் சொல்லை அழுத்தத்துக்காக முன்னால் வைத்தால் துணைவினை எழுவாயைத் தாண்டும். "ஹியர் கம்ஸ் தி பஸ்." இன்னொரு வகை. பெயர்ச்சொல் வந்தால் வினை முன்னால் போகும், ஆனால் பிரதிப்பெயர் வந்தால் "ஹியர் இட் கம்ஸ்." ஒன்பதாம் வகுப்பில் இவற்றை அடையாளம் காணத் தெரிந்தால் போதும், எழுத வைக்க வேண்டாம். நேர்வரிசை உறுதிப்படும் முன் இதைக் கொடுத்தால் இருப்பதும் கலையும்.

பயிற்சிக்கு, அந்த ஆறு படிகளையும் ஒவ்வொரு பிள்ளையும் மூன்று வடிவத்தில் எழுதட்டும்: உடன்பாடு, எதிர்மறை, ஆமாம்-இல்லை கேள்வி. மொத்தம் பதினெட்டு வரி. நோட்டை மாற்றிக்கொண்டு, பக்கத்துப் பிள்ளை ஒவ்வொரு வரியிலும் எழுவாய்க்குக் கீழே ஒரு கோடும், காலம் காட்டும் சொல்லுக்குக் கீழே இரண்டு கோடும் போட வேண்டும். ஒரு வரியில் இரண்டு கோடு இரண்டு சொல்லுக்கு விழுந்தால் 'டஸ் யூசஸ்' வகைப் பிழை. எங்குமே விழவில்லை என்றால் 'இஸ்' விடுபட்டிருக்கிறது. சார்புத் தொடர் உள்ள வாக்கியங்களை இந்தப் பயிற்சியில் சேர்க்காதீர்கள், அங்கே இரண்டு வினை முறைப்படியே வரும்.